ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு வரும் கிறுகிறுப்பு: எல்லாமே கழுத்தெலும்புத் தேய்மானம்தானா?

கடையம் ஆசிரியை

வணக்கம். முக்கூடலில் இருக்கும் என் மதினிக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். நாற்பது வயதைக் கடந்த அவர்கள், பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து பீடி சுற்றுகிறார்கள். மடியில் முறத்தை வைத்துக் குனிந்தபடி, ஊறவைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்து, தூளை வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி முனையை மடக்கும் அந்த வேலை, காலையில் உட்கார்ந்தால் இலை தீரும் வரை ஓயாது.

சில ஆண்டுகளாக அவர்களுக்குத் திடீர் திடீரென்று கிறுகிறுப்பு வருகிறது. வீடே ஒரு பக்கமாக நகர்கிறது, தரை சரிகிறது என்கிறார்கள். வந்தால் அரை நாளாவது படுக்கையில் தள்ளிவிடும். அந்த நேரத்தில் சன்னலைச் சாத்தச் சொல்வார்கள், பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால்கூடத் தாங்க மாட்டார்கள், வாந்தியும் வரும். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவார்கள்.

காட்டிய இடத்தில் கழுத்தைப் படம் எடுத்து, எலும்பு தேய்ந்திருக்கிறது, குனிந்து வேலை பார்ப்பதால் வந்தது என்று சொல்லி, கழுத்துப் பட்டையும் கிறுகிறுப்பு மாத்திரையும் கொடுத்தார்கள். பட்டையைக் கட்டிக்கொண்டு பீடி சுற்ற முடியாது என்பதால் அது ஆணியில் தொங்குகிறது. மாத்திரையை மட்டும் இரண்டு ஆண்டுகளாக நாள் தவறாமல் விழுங்குகிறார்கள். கிறுகிறுப்பு நின்றபாடில்லை.

என் மனத்தில் உறுத்திக்கொண்டிருப்பது இதுதான். சமைந்த காலத்திலிருந்தே மதினிக்கு மண்டையிடி உண்டு. ஒரு பக்கமாகத் தெறிக்கும்; மாதவிலக்கை ஒட்டி வரும்; அவர்களுடைய அம்மாவுக்கும் அது இருந்தது. இப்போது தலைவலி குறைந்துவிட்டது, அந்த இடத்தில் கிறுகிறுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா என்று எந்த மருத்துவரும் கேட்டதில்லை. தலைவலியும் கிறுகிறுப்புமாக அவதிப்பட்டவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.

மானூர் மருத்துவர்

அம்மா, தொடர்பு இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உங்கள் மதினியை நேரில் பார்க்காமல் நோயை உறுதிசெய்ய என்னால் முடியாது. ஆனாலும் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு குறிப்பும் எந்தத் திசையைக் காட்டுகிறது என்பதைச் சொல்லலாம்.

வெஸ்டிபுலர் மைக்ரேன் என்று ஒன்று உண்டு. ஒற்றைத் தலைவலி உடைய மூளையில், உடலின் சமநிலையைக் கவனிக்கும் பகுதிகளும் சேர்ந்து கலங்குவதால் வருவது. வாழ்நாளில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு இது வரக்கூடும் என்பது ஜெர்மனியில் மக்களிடையே நடந்த ஆய்வின் கணக்கு. பெண்களிடம் அதிகம். சிறு வயதில் தலைவலியாக இருந்தது, மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்கும்போது தலைசுற்றலாக உருமாறுவதும் பலருக்கு நடப்பதே. தலைசுற்றும் நேரத்தில் தலைவலி இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இந்த ஒரு செய்தி பரவாததால்தான் எத்தனையோ பெண்கள் ஆண்டுக்கணக்கில் கழுத்துப் பட்டையோடு அலைகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

சமநிலை உறுப்பைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1914ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ராபர்ட் பாரனியின் பெயரால் அமைந்த பன்னாட்டுச் சங்கமும், பன்னாட்டுத் தலைவலிச் சங்கமும் சேர்ந்து 2012இல் இதற்கு வரையறை வகுத்தன. நடுத்தரமாகவோ கடுமையாகவோ தலைசுற்றும் தாக்குதல் குறைந்தது 5 முறையாவது வந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டும். இப்போதோ முன்போ ஒற்றைத் தலைவலி இருந்திருக்க வேண்டும். அந்தத் தாக்குதல்களில் பாதியிலாவது ஒற்றைத் தலைவலியின் அடையாளம் ஒன்று தென்பட வேண்டும். ஒரு பக்கமாகத் தெறிக்கும் தலைவலி அதற்குப் போதும். அது இல்லாவிட்டாலும், வெளிச்சமும் சத்தமும் சேர்ந்து தாங்க முடியாமல் போவது, அல்லது கண்ணுக்கு முன்னால் வளைகோடுகளோ மினுக்கமோ தெரிவது போதும். சன்னலைச் சாத்தச் சொன்னதும் மிக்சி ஒலி பொறுக்காததும் இதனால்தான் முக்கியமாகின்றன. வேறு நோய் எதுவும் இதைவிடப் பொருத்தமாக இல்லை என்பதையும் மருத்துவர் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்பீர்கள். நாம் எப்படி நிற்கிறோம் என்பதைக் கண், உட்செவி, பாதமும் மூட்டுகளும் என மூன்று சாட்சிகள் மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. மூளை மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. முகத்திலும் தலையிலும் வலியை உணரும் முக்கிளை நரம்பின் மையமும், உட்செவியின் செய்தியை வாங்கும் மையமும் மூளைத்தண்டில் அருகருகே இருந்து ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன. ஒன்று கிளர்ந்தால் மற்றதும் கிளர்கிறது. அப்போது காது நலமாகவே இருந்தாலும் அதன் சாட்சியத்தை மூளை தவறாக வாசிக்கிறது.

கழுத்தைப் பற்றி. நாற்பதைத் தாண்டிய பலருக்குப் படம் எடுத்தால் தேய்மானம் தெரியும்; அவர்களில் பெரும்பாலோருக்குத் தலைசுற்றல் கிடையாது. ஒற்றைத் தலைவலி வரும்போதே பின்கழுத்து இறுகி வலிப்பது அந்த நோயின் ஒரு பகுதி என்பதையும் நினைவில் வையுங்கள். கழுத்து வலிக்கிறது, படத்தில் தேய்மானம் இருக்கிறது, ஆகவே கிறுகிறுப்பும் கழுத்தால்தான் என்று முடிச்சுப் போடுவது எளிது. அந்த முடிச்சு பல நேரம் தவறாகிறது.

இரண்டு செய்திகளை இன்றே பாருங்கள். பீடித்தூளைக் கையாளுபவர்களின் உடலில் நிகோட்டின் சேரும், அதுவும் தலைவலியையும் கிறுகிறுப்பையும் தரக்கூடும், இரத்தச்சோகையும் அப்படியே. ஆகவே ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். அடுத்தது அந்த மாத்திரை. புரோகுளோர்பெரசின், சின்னரிசின் போன்றவை தாக்குதலின்போது சில நாள் எடுத்துக்கொள்ள வேண்டியவை. மாதக்கணக்கில் எடுத்தால் மூளை தானாகச் சமநிலையைத் திருத்திக்கொள்வதைத் தடுக்கும்; சிலருக்கு நடுக்கவாதம் போலவே கை கால் இறுகி வேகம் குறையும். உங்கள் மதினியின் கை முன்பைவிட மெதுவாகிவிட்டதா என்று கவனியுங்கள். மாத்திரையின் பெயரை இங்கே எழுத வேண்டாம். அட்டையை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சேரன்மகாதேவி மகன்

மருத்துவர் ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அம்மாவுக்கும் பல மாதம் கிறுகிறுப்பு இருந்து, கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு காது மருத்துவர் கட்டிலில் உட்கார வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்துக் கண்ணைப் பார்த்தார். கண்மணி துடித்தது. உடனே தலையை வரிசையாக நான்கு நிலையில் திருப்பி எழுப்பினார். அன்றோடு சரியாகிவிட்டது. ஆகவே முதலில் இதைச் செய்துபார்க்கச் சொல்வதுதான் நல்லது என்பேன்.

மானூர் மருத்துவர்

நன்றாகச் சொன்னீர்கள், தம்பி. உங்கள் அம்மாவுக்கு இருந்தது உட்செவியில் உள்ள நுண்ணிய கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் விழுந்ததால் வந்தது. படுக்க வைத்துப் பார்த்தது டிக்ஸ்–ஹால்பைக் சோதனை. திருப்பி எழுப்பியது எப்லி முறை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்தத் துகள் கோளாறும் மற்றவர்களைவிட அதிகமாக வரும் என்பதால், யாருக்கானாலும் இந்தச் சோதனையைச் செய்யத்தான் வேண்டும்.

ஆனால் கால அளவைப் பாருங்கள். துகளால் வருவது, கட்டிலில் புரளும்போதோ பரணைப் பார்த்து அண்ணாந்தாலோ வந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். மெனியர் நோய் என்ற உட்செவிக் கோளாறால் வருவது 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை இருக்கும். கூடவே ஒரு காது அடைத்து, இரைந்து, கேட்கும் திறன் குறையும். சமநிலை நரம்பு அழற்சியால் வருவது ஒரே மூச்சாகப் பல நாள் நீடிக்கும். எவ்வளவு நேரம் இருந்தது என்ற ஒரு கேள்விக்கு வீட்டார் தெளிவாகப் பதில் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். பெரும்பாலானவர்கள் "ரொம்ப நேரம்" என்று மட்டும் சொல்கிறார்கள். கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள்.

மலைத்தடம் ஓட்டுநர்

நான் பேருந்து ஓட்டுகிறேன். பல வருடம் பாபநாசத்துக்கு மேலே ஏறும் தடத்தில் இருந்தேன். எனக்கும் ஒற்றைத் தலைவலி உண்டு. மலை வளைவில் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. ஆனால் சிறு வயதில் அதே சாலையில் பின் இருக்கையில் உட்கார்ந்து போனபோதெல்லாம் வாந்தி எடுத்திருக்கிறேன்.

இப்போது என் தொல்லை வேறு. நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருக்கையில் உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் நிற்கும் வண்டி மெதுவாகப் பின்னால் நகரும்போது, என் வண்டிதான் முன்னால் உருள்கிறது என்று உடம்பு பதறி, கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது. அதன் பிறகு வெகுநேரம் படகில் இருப்பது போல் ஒரு அசைவு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருக்கிறது. பணகுடிக்குத் தெற்கே காற்றாலைகளுக்கு நடுவே போகும்போதும், சாலையில் விழும் இறக்கைகளின் நிழல் என்னைக் கலக்குகிறது. பணிமனையில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டுநர் வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம். மருத்துவர் ஐயா, இதுவும் அதே வகைதானா?

மானூர் மருத்துவர்

அண்ணாச்சி, உங்கள் பயம் நியாயமானது. ஆனால் உங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கும் உயிர்களையும் நீங்கள் நினைக்காமலா எழுதியிருக்கிறீர்கள்! எனவே நேராகவே சொல்கிறேன்.

வளைவு எப்போது வரும் என்பது ஓட்டுபவருக்கு முன்பே தெரிவதால் மூளை தயாராகிவிடுகிறது. பயணிக்கு அது தெரியாது. அதனால்தான் அன்று பின் இருக்கையில் வந்தது இன்று ஓட்டும்போது வரவில்லை. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குச் சிறு வயதிலிருந்தே பயண வாந்தி அதிகம். கண்ணெதிரே நகரும் பொருள்களால் வரும் உங்கள் தொல்லை, பார்வையால் தூண்டப்படும் தலைசுற்றல். இதுவும் வெஸ்டிபுலர் மைக்ரேனில் வரும். தாக்குதல்களுக்கு இடையிலும் அந்த அசைவு 3 மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்துகொண்டே இருந்தால், அதன் மேல் படிந்த இன்னொரு நிலையாக அது இருக்கலாம். அதற்கும் 2017இல் தனி வரையறை வகுத்திருக்கிறார்கள். அதற்கு மருந்தைவிடப் பயிற்சியே பெரிதும் உதவும்.

நோய் இன்னதென்று தெரிந்து கட்டுக்குள் வரும் வரை நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது. இதற்குத் தரும் சின்னரிசின், ஃப்ளூனரிசின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் எல்லாம் தூக்கத்தைக் கொண்டுவருபவை. ஓட்டுநர் என்று சொல்லாமல் மருந்து வாங்காதீர்கள். சில காலம் வேறு பணி கேட்டு, மருத்துவரின் தகுதிச் சான்றோடு திரும்பிப் போவதில் எந்தத் தலைகுனிவும் இல்லை.

இந்த இழையை வாசிக்கும் எல்லோருக்குமாக ஒன்று. ஒற்றைத் தலைவலிக்காரர்தானே என்று எல்லாக் கிறுகிறுப்பையும் இதன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். பேச்சுக் குழறினாலோ, ஒரு பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கக் கை கால் மரத்தாலோ தளர்ந்தாலோ, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமல் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, அது பக்கவாதமாக இருக்கலாம். 108ஐ அழையுங்கள். பித்தம் இறங்கட்டும், கொஞ்சம் படுக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

களக்காடு பெரியவர்

பித்தம் என்றாலே மருத்துவர்கள் ஒதுக்கிவிடுகிறீர்கள். எங்கள் காலத்தில் தலை கிறுகிறுத்தால் வெறும் வயிற்றோடு இருக்காதே, அக்கினி நட்சத்திர வெயிலில் அலையாதே, இரவு கண் விழிக்காதே என்பார்கள். இஞ்சியைத் தட்டிப் போட்டுக் கொடுப்பார்கள். ஆனித் தேரோட்டத்தில் ரத வீதியில் வெயிலும் கூட்டமும் மேளமுமாக நின்றுவிட்டு வந்தால் என் வீட்டு அம்மாளுக்கு அன்று மாலையே தலைவலியும் கிறக்கமும் வந்துவிடும். இதையெல்லாம் அனுபவத்தில் கண்டவர்கள் சொன்னதுதானே?

மானூர் மருத்துவர்

ஐயா, நீங்கள் சொன்ன மூன்று கட்டளைகளையும் நான் அப்படியே மருந்துச்சீட்டில் எழுதித் தருவேன். பட்டினி, வெயில், தூக்கக் குறைவு மூன்றும் ஒற்றைத் தலைவலியைக் கிளப்புபவை. சஷ்டி விரதம் இருக்கும் தாய்மார்களுக்கு அந்த நாட்களில் தாக்குதல் வருவதை நான் பார்த்திருக்கிறேன். இஞ்சி குமட்டலுக்கு நல்லதே.

நான் வேண்டாம் என்பது, ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஒரு உணவைக் குற்றவாளியாக்கிக் கத்தரிக்காய், தயிர், வாழைப்பழம் என்று எல்லாவற்றையும் நிறுத்திக்கொண்டே போவதை. தாக்குதல் தொடங்குவதற்கு முந்தைய மணி நேரங்களில் சிலருக்குக் கொட்டாவியும் கழுத்து இறுக்கமும் குறிப்பிட்ட உணவின் மேல் ஆசையும் வரும். இனிப்பைத் தின்றதால் தலை சுற்றியது என்று நாம் நினைப்போம். உண்மையில் தாக்குதல் தொடங்கிவிட்டதால்தான் இனிப்பைத் தேடியிருப்போம். குறித்து வைத்துப் பார்த்து, திரும்பத் திரும்பச் சேர்ந்து வருவதை மட்டும் விலக்கினால் போதும்.

பாளை இயன்முறை

இயன்முறை மருத்துவத்தில் பணிபுரிபவள் என்ற முறையில், சமநிலையை மீட்கும் பயிற்சியைப் பற்றி எழுதுகிறேன். 1940களில் காவ்தோர்ன், குக்சி என்ற இருவர் வகுத்த பயிற்சிகளிலிருந்து வளர்ந்த முறை இது. எளிய ஒன்றைச் சொல்கிறேன். கையை நீட்டிக் கட்டைவிரலைக் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். நகத்தையே பார்த்தபடி தலையை மட்டும் "இல்லை" என்பது போல் இடமும் வலமும் அசையுங்கள். நகத்தின் ஓரம் மங்காமல் தெரியும் அளவுக்குத்தான் வேகம் இருக்க வேண்டும். மங்கினால் குறைக்க வேண்டும். முதலில் உட்கார்ந்து, பிறகு சுவர் மூலையில் முதுகு கொடுத்து, முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நின்று செய்யலாம்.

மற்ற நோயாளிகளிடம் கொஞ்சம் தலை சுற்றினாலும் தொடருங்கள் என்போம். ஒற்றைத் தலைவலிக்காரர்களிடம் அப்படி வற்புறுத்தினால் அன்று மாலையே தாக்குதல் வந்துவிடும். தாக்குதல் நாளில் பயிற்சி கூடாது. அமைதியான நாட்களில் மிகக் குறைவாகத் தொடங்கிக் கூட்ட வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு. தாமிரபரணியில் குளிக்கும்போது கண்ணை மூடித் தலையை முக்கினால் பார்வை போய்விடுகிறது. பாசி பிடித்த படித்துறையில் பாதமும் உறுதியாக ஊன்றாது. மிச்சம் இருப்பது காது மட்டுமே. அதுவும் கலங்கியிருப்பவர் எந்தப் பக்கம் எழ வேண்டும் என்றே தெரியாமல் தடுமாறுவார். கிறுகிறுப்பு உள்ளவர்கள் துணையில்லாமல் ஆற்றில் இறங்க வேண்டாம்; துணையோடு இறங்கினாலும் இடுப்பளவு நீரில் நின்று செம்பால் ஊற்றிக்கொள்ளுங்கள். இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும்.

கடையம் ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. இடையில் மதினியை அழைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். கேட்கும் திறன் சோதனை சரியாக இருந்தது. படுக்கவைத்துப் பார்த்த சோதனையிலும் கண் துடிக்கவில்லை. தலைவலியின் கதையைச் சிறு வயதிலிருந்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெஸ்டிபுலர் மைக்ரேன் என்றே சொன்னார். இரத்தச்சோகையும் இருந்தது, இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்.

மானூர் மருத்துவர் கையைக் கவனிக்கச் சொன்னதைப் பற்றி எழுத வேண்டும். மதினி முன்பு சுற்றிய அளவுக்கு இப்போது பீடி சுற்றுவதில்லை. நூல் சுற்றும் விரல் இழுத்து இழுத்து வந்தது. வயதாகிறது, சோர்வு என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். நரம்பியல் மருத்துவர் விரலையும் கட்டைவிரலையும் வேகமாகத் தட்டச் சொல்லிப் பார்த்தார். கொஞ்ச நேரத்திலேயே அசைவு சிறுத்துப் போனது. மாத்திரையால் வந்தது, நிறுத்தினால் பெரும்பாலும் சில மாதங்களில் மீளும் என்றார். படிப்படியாக நிறுத்தியிருக்கிறோம். கை கொஞ்சம் இளகியிருக்கிறது, முழுதாக இல்லை.

வீசிங் உண்டா என்று கேட்டு, இல்லை என்றதும், ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்கத் தரும் புரோப்ரனலால் மாத்திரையைத் தொடங்கியிருக்கிறார். இந்த வகைக் கிறுகிறுப்புக்கென்றே நடந்த பெரிய ஆய்வுகள் குறைவு, ஒற்றைத் தலைவலிக்குப் பயன்படும் மருந்துகளைத்தான் கொடுத்துப் பார்க்கிறோம், பயன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும் என்று மறைக்காமல் சொன்னார். சாதாரண வலி மாத்திரையையும் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ போட்டால் அதுவே தலைவலியை வளர்க்கும் என்றும் எச்சரித்தார். மதினி மகளின் பழைய பள்ளி நோட்டு ஒன்றில் நேரத்தைக் குறித்து வருகிறார்கள். தாக்குதல் நிற்கவில்லை, ஆனால் அரை நாள் கிடந்தவர்கள் இப்போது உலை கொதிக்கும் நேரத்துக்குள் எழுந்துவிடும் நாட்களும் அந்த நோட்டில் இருக்கின்றன.

வள்ளியூர் வாசகி

எனக்கும் இதே நோய். தாக்குதல் வராமல் தடுக்க வால்புரோயேட் மாத்திரை சாப்பிடுகிறேன். அடுத்த மாதம் திருமணம். குழந்தை வேண்டும் என்பதால் இன்றே நிறுத்திவிடலாமா? வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிய வேண்டாம் என்கிறார்கள்.

மானூர் மருத்துவர்

மகளே, தானாக இன்றே நிறுத்த வேண்டாம். அதே நேரம் தள்ளிப்போடவும் வேண்டாம். வால்புரோயேட் கருவில் இருக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாட்டையும் அறிவு வளர்ச்சிக் குறைவையும் உண்டாக்கக்கூடியது. பலருக்குக் கருவுற்றதே தெரியாத முதல் வாரங்களிலேயே அந்தக் கேடு நேரலாம். இதே நோய்க்குத் தரும் டோப்பிரமேட் மாத்திரையும் பாதுகாப்பானது இல்லை. ஆகவே திருமணத்துக்கு முன்பே இந்த வாரத்தில் உங்கள் மருத்துவரிடம் போய், திருமணம் என்று சொல்லி, மாற்று மருந்தும் ஃபோலிக் அமிலமும் கேளுங்கள். மாற்றி முடியும் வரை கருத்தரிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருப்பதால், இது உங்கள் கணவருக்குத் தெரியாமல் நடக்கக்கூடிய காரியம் இல்லை. வீட்டாரிடம் நான் பேச வேண்டுமானால் தனிச்செய்தியில் எழுதுங்கள், பேசுகிறேன்.